இருபது வெள்ளி

லோகேஸ்வரனைப் பொருளாளராக்கியது அவர் கணக்கில் புலி என்பதற்காக அல்ல. ஜார்ஜ்டவுனில் அவரைப்போல் சந்தேகப்படுகிற மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்பதற்காக. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பது வருடம் இருந்தவர். வெளியே போகிற பெட்டியையெல்லாம் பிரித்துப் பார்த்தே பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். அந்த டாக்டர் எப்படிப்பட்டவர் என்று மருந்துக்கடையில் விசாரிப்பார். மனைவி குமுதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தால்கூட, "இன்னிக்கு எந்த ஐயரு?" என்று ஒரு கேள்வி இருக்கும். பாவம், குமுதா! பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள்.

அப்படி ஒரு ஆள்தான் அப்போது சங்கத்துக்குத் தேவைப்பட்டது. சங்கம் என்றால் சூலியா தெருவுக்குப் பின்சந்தில் இருக்கும் தன்னார்வத் தீயணைப்புப் படை. எல்லாரும் பொம்பா என்றுதான் சொல்வார்கள். அரசாங்கத்தின் பெரிய பொம்பா வண்டி அந்தச் சந்துகளுக்குள் நுழையாது. கடைவீடுகளின் மாடிகளெல்லாம் பழைய பலகை. ஒரு மாடியில் பிடித்தால் வரிசையே போய்விடும். அதனால் இருபது வருடத்துக்கு முன்னால் கடைக்காரர்கள் கூடி, தலைக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு தள்ளுவண்டியும் தண்ணீர்க் குழாயும் வாங்கினார்கள். பிறகு கடைகளில் உண்டியல் வைத்தார்கள். வருடம் ஒருமுறை விருந்து வைத்து டிக்கெட் விற்றார்கள். அரசாங்க மானியம் சில வருடம் வரும், சில வருடம் வராது. இப்படி எறும்பு சேர்ப்பதுபோல் சேர்த்து, ஜப்பானில் கழித்துப்போட்ட சின்ன வண்டி ஒன்றையும் வாங்கிவிட்டார்கள். அதன் கதவில் இருக்கும் ஜப்பானிய எழுத்துக்கு என்ன பொருள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிறகுதான் கெட்ட காலம் வந்தது. அப்போதைய பொருளாளர் ஒரு வருடத்து விருந்துப் பணத்தை அப்படியே சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டினார். அவர் போன கையோடு கோவிட் வந்தது. விருந்து நின்றது. உண்டியலைக் கடைக்காரர்கள் கல்லாவுக்கு அடியில் தள்ளி வைத்தார்கள். கேட்டால், "யாரு சாப்பிடுறதுக்கு?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் தலைவி சந்திரிகா அக்கா, தன் புத்தகக் கடையை ஒருநாள் சாத்திவிட்டு வந்து, பொறுப்பை லோகேஸ்வரன் தலையில் கட்டினார்.

லோகேஸ்வரன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு காசு கசியவில்லை. உறுப்பினர்கள் டீ குடித்தால்கூட ரசீது கேட்டார். மூன்று வருடத்தில் வங்கியில் ஏழாயிரம் வெள்ளி நின்றது. இங்கே ரிங்கிட் என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றானாலும் கோடியானாலும் வெள்ளிதான்.

இவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டவர் ஒரே ஒரு ஆளைச் சந்தேகப்பட்டதே இல்லை. அது சுப்பையா. லாரி மெக்கானிக், பொம்பா வண்டியை ஓட்டுவதும் பழுதுபார்ப்பதும் அவர்தான். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். லோகேஸ்வரன் வீட்டு மாற்றுச் சாவி சுப்பையாவிடம் இருக்கிறது; சொந்த மகனிடம்கூடக் கிடையாது. ஊரில் எல்லாரையும் திருடன் என்று நினைத்தபடியே ஒருவர் நிம்மதியாகத் தூங்க முடிந்ததென்றால், அது அந்த ஒரு ஆள் இருந்ததால்தான். சுப்பையாவும் அப்படித்தான் என்று ஆகிவிட்டால், பிறகு லோகேஸ்வரனுக்கு உலகத்தில் யாரும் இல்லை.

வினை ஜனவரியில் தொடங்கியது. பின்சந்தில் ஒரு சமையலறையில் தீ. சுப்பையா வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார், ஆட்கள் குழாயை நீட்டிவிட்டார்கள், தண்ணீர் வரவில்லை. பம்ப் இறுகிப்போயிருந்தது. தெருவே வேடிக்கை பார்க்க, பொம்பாக்காரர்கள் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். கடைசியில் அரசாங்க பொம்பா தூரத்தில் வண்டியை நிறுத்தி, நீளக் குழாயை இழுத்துவந்து அணைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மானம்தான் போயிற்று.

பம்ப்பைச் சரிசெய்யப் பதினெட்டாயிரம் ஆகும் என்றார் சுப்பையா. சந்திரிகா அக்கா கடைக்காரர்களைக் கூட்டினார். நிலையத்தின் கீழ்த்தளத்தில், வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, எல்லாருக்கும் மீ கோரெங் நூடுல்ஸ் கொடுத்துக் கேட்டார். ஒருவர் ஐந்நூறு வெள்ளி என்றார். இன்னொருவர் இருநூறு. லோகேஸ்வரன் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே வந்தார். அவருக்கு ஒரு பழக்கம். தொகையைக் கேட்டதும் காது மூடிக்கொள்ளும், மற்றதெல்லாம் அவருக்கு வெறும் பேச்சு.

கடைசியாக எழுந்தவர் அப்துல் ஹமீது. தெருமுனையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். நல்ல வியாபாரம், மதியத்தில் வரிசை ரோட்டைத் தொடும்.

"என் கடையிலேருந்து பொம்பாவுக்கு இருபது வெள்ளி. எழுதிக்குங்கண்ணே" என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லாரிக்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்தான்.

லோகேஸ்வரன் இருபது என்று எழுதினார். எழுதும்போதே வாய் கசந்தது. இவ்வளவு பெரிய கடைக்காரன், இருபது வெள்ளியா? மீ கோரெங் செலவுக்கே காணாது. ஆனால் பின்னால் கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சுப்பையாதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்து லோகேஸ்வரனும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

சொன்ன பணத்தையெல்லாம் அவர் விடாமல் வசூலித்தார். ஹமீதின் இருபது மட்டும் வரவில்லை. அடுத்த மாதம் ஒருநாள், மற்றவர்களாக இருந்தால் விட்டுவிடுகிற அந்த இருபதைக் கேட்க இவர் கடைக்கே போய்விட்டார். ஹமீது கறிச்சட்டிக்குப் பின்னால் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த இருபது வெள்ளி…"

"வெள்ளியெல்லாம் சுப்பையா அண்ணன்கிட்ட ஒழுங்கா குடுத்துக்கிட்டுத்தானே வர்றேன்? அவரையே கேட்டுப் பாருங்கலா." ஹமீதின் குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. முகத்தையும் திருப்பிக்கொண்டார்.

லோகேஸ்வரனுக்கு மூக்கில் வியர்த்தது. கொடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கொடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார். இருபது வெள்ளியை எவனாவது கொடுத்துக்கொண்டே வருவானா? அப்படியானால் இருபதோடு நிற்கவில்லை. சங்கத்தின் பெயரைச் சொல்லி இன்னும் வாங்குகிறான். யார்? சுப்பையா!

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சுப்பையாவிடம் போய், "என்னப்பா இது?" என்று கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டால் லோகேஸ்வரன் லோகேஸ்வரனாக இருக்க முடியாது. அவர் போய்ச் சோதித்தார்.

"ஹமீது அண்ணே உங்கிட்ட ஏதாச்சும் குடுத்தாராப்பா?"

சுப்பையா கைத்துணியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். "அது… நடந்துக்கிட்டு இருக்கு. நீ கவலைப்படாத லோகா."

"என்ன நடந்துக்கிட்டு இருக்கு?"

"எல்லாம் முடியட்டும், சொல்றேன். பம்ப் நல்லபடியா வந்துரும்."

இதைச் சொல்லும்போது சுப்பையா இவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஐம்பது வருடப் பழக்கத்தில் சுப்பையா கண்ணைப் பார்க்காமல் பேசியது அதுதான் முதல் தடவை. 

அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே துப்பாகத் தெரிந்தது. சுப்பையாவின் மோட்டார் சைக்கிளுக்குப் புது டயர். எங்கிருந்து வந்தது? அவர் மகள் ரூபினி கோலாலம்பூரில் படிக்கிறாள். பீஸ் யார் கட்டுகிறார்கள்? பம்ப்பைக் கழற்றி, கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் தெரிந்த பட்டறையில் கொடுத்திருப்பதாகச் சொன்னாரே, அந்தப் பட்டறைக்காரன் ஏன் இதுவரை ஒரு காசு முன்பணம் கேட்கவில்லை? முன்பணம் கேட்காத பட்டறை மலேசியாவிலேயே கிடையாது. அப்படியானால் பட்டறையும் இல்லை, பழுதும் இல்லை. பம்ப்பையே பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டானோ?

இந்த எண்ணம் வந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குமுதா கேட்டுக் கேட்டுக் கடைசியில் விஷயத்தை வாங்கிவிட்டாள்.

"சுப்பையா அண்ணனா? உங்களுக்கு என்ன, பைத்தியமா? நேரா கேளுங்க."

"கேட்டா உஷாராயிடுவான்."

"உஷாராகட்டுமே, திருடாம இருப்பாருல்ல?"

நல்ல யோசனைதான். ஆனால் மனைவி சொன்ன நல்ல யோசனையை உடனே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்த கூட்டம் ஹமீதின் கடையை மொய்த்து ஓய்ந்த ஒரு பிற்பகல். எதிர்ப்பக்கம் சந்திரிகா அக்காவின் புத்தகக் கடையில், வாங்கப் போகாத காலண்டரைப் புரட்டிக்கொண்டு லோகேஸ்வரன் நின்றார். சுப்பையா மோட்டாரில் வந்து இறங்கினார். ஹமீது கல்லாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, எண்ணாமல், வாய் பேசாமல் நீட்டினார். சுப்பையாவும் அதைப் பிரிக்காமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். சட்டை உப்பிக்கொண்டு நின்றது. இருபது வெள்ளி நோட்டு ஒன்று சட்டையை அப்படி உப்ப வைக்காது.

அடுத்த வாரமும் வந்து நின்றார். அதே நாள், அதே நேரம், அதே பை. இந்தத் தடவை லோகேஸ்வரன் தன் மோட்டாரில் பின்னாலேயே போனார். சுப்பையா நேராக பெர்ரி துறைக்குப் போய், மோட்டாரோடு கப்பலில் ஏறினார். துறை வாசல்வரை வந்துவிட்ட லோகேஸ்வரனுக்கு அதற்கு மேல் கால் வரவில்லை. அந்தப் பக்கம் இறங்கி, சுப்பையா எங்கே போகிறார் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு பார்க்காதது போல் இருக்க முடியாது. கப்பல் நகர்ந்து பாதிக் கடல் போகிறவரை அங்கேயே நின்றார். சுப்பையா கம்பியைப் பிடித்துக்கொண்டு, சட்டைக்குள் ஒரு கையை வைத்தபடி நிற்பது தெரிந்தது. லோகேஸ்வரனுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கோபமாகிவிட்டது.

அவர் அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னார். எதற்கு என்று சந்திரிகா அக்காவிடமும் சொல்லவில்லை. ஹமீதையும் வரவேண்டும் என்று சொல்லி அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பம்ப் இல்லாத வண்டிக்குப் பக்கத்தில் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்தார்கள். சுப்பையா வழக்கம்போல் இவருக்கு அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். லோகேஸ்வரன் எழுந்து நின்றுகொண்டார்.

"ஹமீது அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னது இருபது வெள்ளிதானே?"

"ஆமாண்ணே."

"யார் கையில குடுத்தீங்க?"

"சுப்பையா அண்ணன் கையில."

"முழு இருபதுமா?"

"இல்லையே, இதுவரைக்கும் பன்னெண்டு."

லோகேஸ்வரனுக்குக் குழப்பம். ஆனால் குழப்பத்தை வெளியே காட்டினால் விசாரணை படுத்துவிடும். "பாக்கி எட்டு வெள்ளி?"

"அது இன்னும் வரலையே."

"எங்கேருந்து வரணும்?"

"எங்கேருந்துன்னா?" ஹமீது சுற்றிலும் பார்த்தார். "வெள்ளி வந்தாத்தானேண்ணே குடுக்க முடியும்? நான் என்ன, நாளை முன்னாடி இழுத்துட்டா வர முடியும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று லோகேஸ்வரனுக்குத் தோன்றியது. அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"சிரிங்க, நல்லா சிரிங்க! பன்னெண்டு வெள்ளிக்கா நான் கூட்டம் போடுறேன்? வாரா வாரம் பை நெறையா காசு போவுது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அதுல ஒரு காசு சங்கத்துக்கு வரலை. பம்ப் எங்க? எந்தப் பட்டறையில இருக்கு? வித்துட்டியா சுப்பையா? பழைய இரும்புக்குப் போட்டு மகளுக்கு பீஸ் கட்டிட்டியா?"

சிரிப்பு நின்றது. சுப்பையா நாற்காலியில் அப்படியே இருந்தார். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால்கூட லோகேஸ்வரனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சந்திரிகா அக்காதான் முதலில் வாய் திறந்தார். "லோகா, அவர் இருபது வெள்ளின்னு சொன்னது காசு இல்லப்பா. வெள்ளிக்கிழமை."

"என்னது?"

"இருபது வெள்ளிக்கிழமை. அன்னன்னிக்கு மதிய வியாபாரத்துல வர்ற காசு பூராவும் பொம்பாவுக்குன்னு சொன்னாரு. நாங்க எல்லாரும் கைதட்டலையா? நீயும் அங்கதானே இருந்த!"

 ஒரு மதியத்துக்குத் தொள்ளாயிரம் என்று வைத்தால் இருபது வெள்ளிக்கிழமைக்குப் பதினெட்டாயிரம் என்று அந்த நிலையிலும் லோகேஸ்வரனின் மூளை பெருக்கிப் பார்த்தது. பம்ப்பின் முழுச் செலவையும் ஒரே ஆள் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதை இவர் இருபது ரிங்கிட் என்று எழுதி வைத்துக்கொண்டு கடைவாசலில் போய்க் கேட்டிருக்கிறார்.

ஆனாலும் பிடித்ததை விடுவாரா? "சரி, வெள்ளிக்கிழமைன்னே இருக்கட்டும். அந்தக் காசு பொருளாளர்கிட்டதானே வரணும்? ஏன் என்கிட்ட மறைக்கணும்?"

சுப்பையா ஹமீதைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். சொல்ல வேண்டாம் என்கிற மாதிரி. ஹமீது கேட்கவில்லை.

"நான்தாண்ணே சொன்னேன். பொருளாளர் கையில போகவே கூடாது, நேரா பட்டறைக்காரன் கையில போகணும்னு. முன்னாடி ஒரு பொருளாளர்கிட்ட நான் பட்டது போதும். நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. எல்லாரையும் சந்தேகப்படுற ஆளுன்னு மட்டும் தெரியும். அப்படிப்பட்ட ஆளை எனக்குக் கொஞ்சம் பயம். சுப்பையா அண்ணன் உங்களுக்காக எவ்வளவோ பேசினாரு. தங்கமான ஆளு, கணக்குல ஒரு காசு தப்பாதுன்னாரு. நான் ஒத்துக்கலை. அப்புறம், 'சரி, நானே கொண்டு போறேன், ஆனா நீங்க இப்படிச் சொன்னீங்கன்னு லோகாவுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடிஞ்சிருவான்'னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. இன்னிக்குத்தான் அதை மீறுறேன்."

 லோகேஸ்வரனுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரும் இடம் சுப்பையாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"சுப்பையா…" என்றார்.

சுப்பையா எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் வைத்தார். வண்டிச் சாவி இல்லை. லோகேஸ்வரன் வீட்டுச் சாவி.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் லோகா" என்றார். "நான் எங்க போயிடப் போறேன்? பம்ப்பை வித்துட்டேன்னு சொன்ன பாரு, அதுகூடப் பரவால்லை. ரூபினியை ஏம்பா இழுத்த?" பிறகு சந்திரிகா அக்காவிடம் திரும்பினார். "வண்டியை நான்தான் ஓட்டுவேன், அதுல மாத்தமில்லை. ஆனா இனிமே ஹமீது அண்ணன் கடைக்கு நான் போகமாட்டேன். பாக்கி எட்டு வாரமும் பொருளாளரே காசைக் கொண்டுபோய்க் கட்டட்டும்." பட்டறையின் விலாசத்தைச் சொன்னார். புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது கடை. அதையும் லோகேஸ்வரனிடம் சொல்லவில்லை, அக்காவிடம்தான் சொன்னார்.

அதன்பின் லோகேஸ்வரன் சுப்பையாவின் வீட்டுக்கு இரண்டு தடவை போனார். சுப்பையா கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், டீயும் கொடுத்தார். நல்ல டீதான். ஊருக்குப் புதிதாக வந்த மனிதரிடம் பேசுவதுபோல், மழை வருமா, சாலையில் நெரிசலா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டபோது, "சரி, விடு" என்றார். எதை விடச் சொன்னார் என்று லோகேஸ்வரனுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியக் கூட்டம் கலைந்த பிறகு லோகேஸ்வரன் ஹமீதின் கடைக்குப் போய்க் கல்லாவருகே நின்றார். ஹமீது பையை எடுத்தார். அதை இவரிடம் நீட்டாமல், கடையில் கணக்குப் பார்க்கும் முஸ்தஃபாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். முஸ்தஃபாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"முஸ்தஃபா உங்களோட வருவாரு" என்றார் ஹமீது.

"நான் கொண்டு போயிருவேண்ணே. அவருக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமெல்லாம் இல்ல. பை அவருகிட்டயே இருக்கட்டும்."

 லோகேஸ்வரன் கேட்கக் கூடாததைக் கேட்டார். "சுப்பையாகூட யாருண்ணே போவாங்க?"

"அவருகூட எதுக்கு ஆளு?" என்று சொல்லிவிட்டு ஹமீது அடுத்த தட்டில் சோறு போடப் போய்விட்டார்.

பெர்ரியில் கூட்டம் அதிகமில்லை. முஸ்தஃபா ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். லோகேஸ்வரன் பக்கத்தில் வந்து உட்காரப் போனபோது, முஸ்தஃபா மரியாதையாகச் சிரித்துக்கொண்டே ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தார். லோகேஸ்வரனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. முஸ்தஃபாவின் இடத்தில் தாம் இருந்திருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.